மணலைத் தின்று பார்த்த மிஸ்

மணலைத் தின்று பார்க்கும் ஓர் உத்தியோகத்தரிடம் பயிற்சிக்குப் போய்ச் சேர்வேன் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் நாள் காலை நான் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டுப் போனபோது, அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணற்குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணைச் சுருக்கினார். துப்பினார். பிறகு குவியலின் மறுபக்கம் போய் இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

“வணக்கம் மிஸ். நான்தான் பயிற்சிக்கு வந்த…”

“வாரும் தம்பி. இதை ஒருக்கா வாயில வைச்சுப் பாரும்.”

“மணலையோ?”

“உப்புக் கரிக்குதோ எண்டு பாரும்.”

வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை என்று சொன்னேன்.

“உப்பு மணலில கொங்கிறீற் போட்டா உள்ளுக்க இருக்கிற இரும்பு கறள் பிடிச்சுப்போம்” என்றார். அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் புத்தகத்தில் தின்னச் சொல்லியிருக்கவில்லை.

“இது ஆத்து மணல்தானாம் மிஸ். உப்பளம் இருக்கிற ஆனையிறவுப் பக்கத்து மணல் இல்லை எண்டு லொறிக்காரர் சொன்னவர்.”

“அள்ளினதை நீர் கண்டனீரோ, கேட்டனீரோ?”

“கேட்டனான்.”

“அப்ப அந்தப் பக்கத்திலயும் ஒருக்காப் பாரும்.”

அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போதும் பல்லுக்குள் மணல் நறநறத்தது.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், அதுதான் என் பெயரென்று உமக்கு யார் சொன்னது என்று கேட்கக்கூடியவர். மேசன்மாரிலிருந்து தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தபாற்கந்தோருக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அதற்குமேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவராகச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னதை நம்பக் கூடாது என்று அவரிடமே பழகிக்கொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வேலை படித்துக்கொண்டிருந்தேன். சண்டையால் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடியிருந்த காலம். நீண்ட விடுமுறைக்குக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் அக்கராயனுக்கு, வீட்டுக்கு வந்திருந்தேன். விடுமுறைக்குள் ஏதாவது ஒரு வேலைத்தளத்தில் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். வன்னியில் அப்போது வேலைத்தளத்துக்கு எங்கே போவது? சீமெந்து வருவதென்றால் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மூட்டைகள் சோதனைச் சாவடியில் வெயிலும் பனியும் குடித்துக் கிடந்துதான் வந்து சேரும். அந்த நேரத்தில் எங்கள் ஊருக்கும் அடுத்த குடியேற்றத்துக்கும் நடுவே ஓடும் காட்டாற்றின் மேல் இடிந்துபோன மதகுப் பாலத்தைத் திருப்பிக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி எங்கள் பக்கம், நடந்தால் வெகு தூரம். குடியேற்றத்துச் சனம் வேலை முடியும் வரைக்கும் ஆற்றுப் படுகைக்குள்ளால் போட்ட ஒரு பக்கப்பாதையால் வந்து போனார்கள். மாரி தொடங்கினால் அந்தப் பாதை இராது. ஆகவே மழைக்கு முதல் மதகு முடிய வேண்டும். இது ஊரில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மிஸ்ஸுக்கு மட்டும் தெரியவில்லையோ என்று எனக்குப் பலமுறை சந்தேகம் வந்தது.

சீமெந்து வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். எல்லோரும் கல்யாண வீடுபோலச் சந்தோசமாக நின்றோம். மிஸ் ஒவ்வொரு மூட்டையாக வாயை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து ஓர் அரிதட்டை எடுத்தார். வீட்டில் மா அரிக்கிற அரிதட்டு. அதால் சீமெந்து முழுவதையும் அரிக்க வேண்டுமாம். மாவுக்குச் செய்த சாமானால் மூட்டைக் கணக்கில் சீமெந்து அரித்தால் எப்போது முடியும்? தலைமை மேசன் முனியாண்டி மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறியவர், பொறுமைசாலி. அவருக்கே பொறுக்கவில்லை.

“மிஸ், இத சலிச்சு முடிக்கிறதுக்குள்ள மழ வந்துருங்க. கட்டிய ஒடச்சுப் போட்டா கலந்துரும்.”

“கலக்கும் முனியாண்டி. பிடிக்குமோ?”

அவர் அரிதட்டை வாங்கிக்கொண்டார். நாங்கள் முறை வைத்து அரித்தோம். தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல் பூசி, பார்க்கிற சனம் சிரிக்கிற கோலத்தில் நின்றோம். தட்டில் நின்ற கட்டிகளை அவர் ஒரு மூலையில் கொட்டச் சொன்னார். அரிய பொருளைக் கையால் அள்ளி எறிவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதெல்லாம் வேலையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தேநீர்க் கடையில் சீனி போட்டாயிற்று என்று கடைக்காரர் சொன்ன பிறகும் கரண்டியால் அடியைக் கிளறி, தூக்கி, பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்து, சைக்கிளில் ஏறி, வாசலால் இறங்கி, திரும்பி வந்து இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பார். கிணற்றுக்குள் வாளியை விடுமுன் கயிற்றைக் காலில் மிதித்து இழுப்பார். கோயிலில் சாமி கும்பிடும்போதும் மிஸ் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று முனியாண்டி ஒருநாள் எங்களுக்குச் சொன்னார். அதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்பினேன்.

அந்த நாட்களில் எங்களுக்கு வாய்ச் செய்திதான் பேப்பர், வானொலி எல்லாம். ஒருநாள் வேலைக்கு வந்த பெடியன் ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பாதை திறக்கப் போகிறார்களாம், ஆனையிறவால் நேரே யாழ்ப்பாணம் போகலாமாம் என்றான். சல்லிக்கல் சுமந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். ஒரு மனிசி கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சந்தோசம்தான். இனிக் கடலால் போகத் தேவையில்லை.

“ஆர் கண்டது?” என்றார் மிஸ்.

“சந்தியில கதைக்கினம் மிஸ்.”

“சந்தியில கதைக்கிறதைக் கேட்டனீர். கண்டவர் ஆரும் இருக்கினமோ?”

பெடியன் தலையைச் சொறிந்தான். கூடைகள் திரும்பத் தலைக்கு ஏறின. செய்தி பொய்தான், அது வேறு விசயம். அரை மணித்தியாலமாவது சந்தோசமாக இருக்க விட்டிருக்கலாம். அந்த மனிசியின் முகம் வாடிய விதத்தைப் பார்த்து எனக்கு மிஸ்ஸின் மீது வந்த வெறுப்பு ஒரு கிழமைக்கு இறங்கவில்லை.

மதகின் மேல்தட்டான சிலாப் போடுவதற்கு முதல்நாள், கீழே பலகை அடித்து முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்க்க அவர் மதகுக்குள் இறங்கினார். உள்ளே இருட்டு. டோர்ச்சுக்குப் பற்றரி கிடையாது. அவர் தன் அறையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் வெளியே நின்று அதில் வெயிலை வாங்கி உள்ளே அடிக்க வேண்டும். ‘கொஞ்சம் வலப்பக்கம்’, ‘கொஞ்சம் மேல’, ‘ஆட்டாமல் பிடியும்’ என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். ஒவ்வொரு முட்டாகக் கையால் அடித்து, தோளால் தள்ளிப் பார்த்தார். கண்ணாடி பிடித்த எனக்குக் கை கடுத்துப் போனது. வெளியே வந்து, ஒரு முட்டுக்கு ஆப்பு இறுக்க வேண்டும் என்றார். எந்த முட்டு என்று கேட்டேன். இன்னொருமுறை பார்த்தால்தான் சொல்லலாம் என்றார். திரும்ப இறங்கினார்.

சிலாப் போட்டோம். கம்பி போதாததற்குப் பழைய தண்டவாளத் துண்டுகளும் உள்ளே போயின. அவற்றையும் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சாக்குப் போட்டு, அது காயாமல் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நான் ஊற்றினேன் என்று சொன்னால் சாக்குக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘ஓம்’ என்பார்.

வழக்கமாக நாலு கிழமை விட்டால் மதகில் பாரம் ஏற்றலாம். சீமெந்து பழசு, ஆகவே இன்னும் ஒரு கிழமை கூட விட வேண்டும் என்றார் மிஸ். கொங்கிறீற் கட்டியை எடுத்து அனுப்பி அழுத்திப் பார்க்கிற வசதி எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. மதகின் இரண்டு தலைப்பிலும் தார்ப்பீப்பாவை வைத்து, குறுக்கே ஒரு தடியும் கட்டினார். நடந்து போகிறவர்களையும் ஒவ்வொருவராகப் போகச் சொன்னார். ஆடு மாடு போனாலும் எழும்பி நின்று பார்த்தார்.

செல்வராசா அண்ணை வந்தது சிலாப் போட்ட மூன்றாம் கிழமையில். குடியேற்றத்தில் வயல் செய்கிறவர், சொந்தமாக ஓர் உழவு இயந்திரம் வைத்திருந்தார். மண்ணெண்ணெயில்தான் அதை ஓட்டினார். கலியாணம் கட்டிப் பத்து வருடத்துக்குப் பிறகு அவருடைய மனைவி வதனி பிள்ளைத்தாச்சியாக இருந்தார்.

“மிஸ், இவவுக்கு இந்தக் கிழமைக்குள்ள எண்டு சொல்லியிருக்கினம். மழை வந்திட்டா ஆத்துக்குள்ளால ஏலாது. என்ர மிசின் ஒருக்காப் போய் வந்தாக் காணும்.”

“இப்பவே ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்கோவன்.”

“அங்க இடமில்லை மிஸ். நோக் கண்டாப் பிறகு கொண்டு வரட்டாம்.”

“அப்ப பக்கப்பாதையால கொண்டு வாங்கோ.”

“மழை வந்தா?”

மிஸ் வானத்தைப் பார்த்தார். வானத்தையும் அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் பீப்பாவை எடுக்கவில்லை. அண்ணை திரும்பிப் போனார். அவருக்குப் பதிலாக நான் பேசினேன். புத்தகத்தில் இருந்ததையெல்லாம் சொன்னேன். உழவு இயந்திரத்தின் பாரம் இவ்வளவுதான், சிலாப்பின் தடிப்பு இவ்வளவு, தாங்கும் என்றேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, “இந்தச் சிலாப் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருக்குதோ தம்பி?” என்றார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் இடியோடு மழை கொட்டியது. மாரிக்கு நாள் இருந்தது, இது சும்மா வந்த மழை. ஆனால் காட்டுத் தண்ணீர் முழுவதும் ஆற்றில் இறங்கிப் பக்கப்பாதையை அள்ளிக்கொண்டு போனது. போகிற போக்கில் மதகுக்குக் கீழே நின்ற முட்டு, பலகை எல்லாவற்றையும் கொண்டு போனது. காலையில் வெயில் எறித்தது. சிலாப் கீழே ஒன்றுமில்லாமல் தன்பாட்டில் நின்றது.

“பாத்தீங்களா மிஸ், முட்டு இல்லாமலே நிக்குது” என்றார் முனியாண்டி.

“தன்ர பாரத்தைத் தாங்குது. அவ்வளவுதான் தெரியும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கத்தில் உழவு இயந்திரம் வந்து நின்றது. பின்னால் பூட்டிய பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, பாய் போட்டு, வதனி அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். அக்காவின் தாய் தலைமாட்டில் இருந்தார். விடியவே பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதாம். பின்னால் குடியேற்றத்துச் சனம் ஓடிவந்தது. ஆற்றைப் பார்த்தார்கள். பாதை இருந்த இடத்தில் கிடங்கு. எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள்.

நான் சைக்கிளை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஓர் உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

“எந்த வீட்டில நிக்குது? கண்டனீரோ?”

காணவில்லை. நெல் ஏற்றிக்கொண்டு எல்லாம் சந்தைக்குப் போயிருக்கும். எனக்கே தெரியும்.

மிஸ் மதகைப் பார்த்தார். பிறகு தேநீர்க் கடைக் கதிரையைக் கொண்டுவரச் சொன்னார். அவவைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்து இந்தப் பக்கம் வருவோம், பிறகு மிசின் வெறுமையாக வரட்டும் என்றார். கதிரை வந்தது. அந்த நேரத்திலும், அந்த மனிசி வேதனையில் அனுங்கிக்கொண்டிருக்கும்போதும், அவர் கதிரையின் நாலு காலையும் ஆட்டிப் பார்த்தார். தாய்க்காரி வாயில் வந்தபடி பேசினார். நான் அந்தத் தாயின் பக்கம். மதகு அதிராதபடி, தூக்கிய நால்வரையும் கால் ஒருமிக்க வைக்காமல் நடக்கச் சொன்னார் மிஸ். எப்படியோ அக்கா இந்தக் கரைக்கு வந்துவிட்டார்.

இனி மிசின்தான். தடியை எடுத்துப் பீப்பாக்களை உருட்டினோம். திரும்பிப் பார்த்தால் மிஸ் ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர்.

“மிஸ், எங்க போறியள்?”

“கீழ. பாரம் ஏறேக்கதான் வெடிப்பு வாய் திறக்கும். மிசின் போனவுடனை மூடிக்கொள்ளும், பிறகு பாத்துப் பிரியோசனமில்லை. வெடிச்சா நான் சத்தம் போடுவன், அவர் பின்னால எடுக்கட்டும். நீர் கண்ணாடியைப் பிடியும்.”

குனிந்து சிலாப்புக்குக் கீழே போய்விட்டார். செல்வராசா அண்ணை இயந்திரத்தை விட்டு இறங்கினார்.

“நான் ஏத்தமாட்டன். ஆள் கீழ நிக்கேக்க ஏத்தமாட்டன்.”

“ஏத்துங்கோ” என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

“நீங்கள் வெளியில வாங்கோ மிஸ். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.”

“நான் வந்தா ஆர் பாக்கிறது? நேரம் போகுது செல்வராசா. உங்கட மனிசி அங்க இருக்கிறா.”

இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். வலியில் ஒருத்தி ஒரு கரையில், அவளைக் கொண்டுபோக வேண்டிய வண்டி மறு கரையில், நடுவில் மதகுக்குக் கீழே வெளியே வரமாட்டேன் என்று ஒரு மனிசி, மேலே ஏற்றமாட்டேன் என்று ஒரு மனிசன். எனக்கு இரண்டு பேரையும் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கலாம்போல இருந்தது. வதனி அக்கா கதிரையிலிருந்து, “ஏத்துங்கோப்பா” என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அண்ணை ஏறினார். ஏறும்போது அழுதார்.

நான் கண்ணாடியில் வெயிலை வாங்கி உள்ளே அடித்துக்கொண்டு நின்றேன். நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய முதுகும் நனைந்த சேலையும்தான் தெரிந்தன. முன் சில்லு சிலாப்பில் ஏறியது. பெரிய சில்லு ஏறியது. என் காதுக்குள் சத்தம் மட்டும்தான். கீழேயிருந்து ஒரு குரலும் வரவில்லை. பெட்டியும் கடகடவென்று கடந்து இந்தப் பக்கம் வந்தது. சனம் சிரித்தது, அழுதது. அக்காவைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். போய்விட்டார்கள்.

மிஸ் உடனே வெளியே வரவில்லை. வந்தபோது உதடு வெளிறிப்போயிருந்தது. கரையில் ஏறக் கை கொடுத்தேன். ஒரு வார்த்தை பாராட்டுச் சொல்ல வேண்டும் என்று உண்மையாகவே வாயைத் திறந்தேன்.

“பீப்பாவைத் திரும்ப வையும்” என்றார்.

சனத்துக்கு நம்ப முடியவில்லை. இப்போதுதானே ஒரு மிசின் போனது என்று முகத்துக்கு முன்னால் நின்று கேட்டார்கள். “ஓம், ஒருக்காப் போனது” என்றார். நாலு கிழமையும் அதற்கு மேல் ஒரு கிழமையும் முடியாமல் விடமாட்டாராம். முனியாண்டியும் நானும் பீப்பாவை உருட்டினோம். எங்களைச் சனம் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

மத்தியானம் கழிந்து செல்வராசா அண்ணை திரும்பி வந்தார். இயந்திரத்தை நிற்பாட்டாமலே, “பெடிச்சி மிஸ், பொம்பிளைப் பிள்ளை” என்றார். “தாயும் பிள்ளையும் சுகம். நான் என்ர கண்ணால கண்டனான்.” மிஸ் தலையாட்டினார். முகம் ஒருமுறை நெகிழ்ந்து, பிறகு பழையபடி ஆனது. அண்ணை பீப்பாவைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார். இயந்திரத்தை மரத்துக்குக் கீழே விட்டு, சாவியை மடியில் செருகிக்கொண்டு, மதகால் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பிறந்த பிள்ளையின் தகப்பன், தன் வண்டியை வீதியோரம் விட்டுவிட்டு, வெயிலுக்குள் நடந்து போனார்.

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது.

“மிஸ், நீங்கள் கீழ நிண்டு பாத்தனீங்கள்தானே. வெடிப்பு இருந்ததோ, இல்லையோ? இல்லையெண்டா அந்த மனிசனை விட்டிருக்கலாம்தானே.”

அவர் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தார். வேறு யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார்.

“நான் பாக்கேல்லைத் தம்பி.”

“என்ன?”

“மிசின் சத்தம் மேல வந்தவுடனை கண்ணை இறுக்கிப் பொத்திப்போட்டன். அது போய் முடியும் வரைக்கும் திறக்கேல்லை.”

கண்ணாடி பிடித்த என் கை அப்போதும் கடுத்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“பாக்காத ஒண்டை நல்லதெண்டு நான் எப்பிடி, அப்பன், சொல்லுறது?”

இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அன்றைக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், யாரும் உருட்டாதபடி இரண்டு பீப்பாவுக்குள்ளும் மண் நிரப்பினேன். நான் நிரப்பி முடித்த பிறகு அவர் வந்து இரண்டையும் ஆட்டிப் பார்த்தார்.